பிழைச்செய்தி வராத இடத்தில்

“டெக்னிக்கல் புத்தகமெல்லாம் இப்ப யார் படிக்கிறாங்க? தேடினா கிடைக்குது, செஞ்சு பார்த்தா வந்துடுது.” மென்பொருள் அலுவலகங்களில் இந்தப் பேச்சைக் கேட்காத வாரமில்லை. இணையப் பக்கம் வடிவமைக்கக் கற்பவர் இப்படிச் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். பொத்தான் இடம் மாறி உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும். பல்பரிமாணத் தரவுத்தளம் கற்க வருபவரிடமும் மூத்தவர்கள் இதையே சொல்லி அனுப்புகிறார்கள். அங்கே இது தவறான அறிவுரை. அந்தத் தவறின் விலையை அறிவுரை சொன்னவர் கொடுப்பதில்லை, அந்த எண்களை நம்பி முடிவெடுக்கும் யாரோ ஒருவர் கொடுக்கிறார்.

பல்பரிமாணத் தரவுத்தளத்தை வேலையில் இருப்பவர்கள் க்யூப் என்பார்கள். பேரேட்டில் பில்லுக்கு ஒரு வரி இருக்கும். க்யூபில் பொருள், கடை, மாதம் என்று ஒவ்வொன்றும் ஒரு திசை, அதாவது ஒரு பரிமாணம். அதிலுள்ள ஒவ்வொரு பொருளும் கடையும் மாதமும் அதன் உறுப்பு. எந்தப் பொருளும் எந்தக் கடையும் எந்த மாதமும் சந்திக்கும் இடத்தில் ஓர் அறை, அதற்குள் ஓர் எண். 1970இல் ரிலேஷனல் மாதிரியைத் தந்த எட்கர் காட்தான் 1993இல் இவ்வகைப் பகுப்பாய்வுக்கு ஓலாப் என்று பெயர் வைத்தார். எஸ்பேஸ் என்ற க்யூப் மென்பொருளை விற்ற ஆர்பர் நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையில்தான் அந்தப் பெயர் வந்தது. மைக்ரோசாஃப்ட் 1996இல் இஸ்ரேலின் பனோரமா நிறுவனத்திடமிருந்து இத்தொழில்நுட்பத்தை வாங்கி, 1998இல் எஸ்கியூஎல் சர்வர் 7.0உடன் சேர்த்து வெளியிட்டது. க்யூபிடம் கேள்வி (க்வெரி) கேட்க உருவான மொழி எம்டிஎக்ஸ். நான் பேசப்போவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

முதல் வாதம்: ரிலேஷனல் தரவுத்தளத்தின் மொழியான எஸ்கியூஎல் தெரிந்தவருக்கு எம்டிஎக்ஸ் நூல் தேவையில்லை, எழுதிப் பார்த்தே பிடித்துக்கொள்ளலாம்.

அதிகம் பேரைக் கெடுப்பது இதுதான். செலெக்ட், ஃப்ரம், வேர் என்ற மூன்று சொற்களும் இரண்டு மொழிகளிலும் உண்டு. பார்த்தவுடன் தெரிந்த முகம் போலிருக்கும். எஸ்கியூஎல்லில் வேர் என்பது வரிகளைச் சலிக்கும் சல்லடை. எம்டிஎக்ஸில் அது க்யூபுக்குள் எந்த இடத்தில் நின்று பார்க்கிறோம் என்பதைச் சொல்கிறது. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. எஸ்கியூஎல்லில் சொல்லாமல் விட்ட பத்திக்கு க்வெரியில் வேலையில்லை. எம்டிஎக்ஸில் சொல்லாமல் விட்ட பரிமாணமும் கணக்கில் நிற்கும். அதற்கென்று குறித்துவைத்த இயல்பு உறுப்பை, பெரும்பாலும் ‘அனைத்தும்’ என்பதை, க்யூப் தானே எடுத்துக்கொள்ளும். ஆண்டைச் சொல்ல மறந்தால் எல்லா ஆண்டுகளின் கூட்டுத்தொகை வரும். பிழைச்செய்தி வராது.

நான் பணிபுரிந்த ஓரிடத்தில் ‘நிலவரம்’ என்றொரு பரிமாணம் இருந்தது. அதில் இரண்டே உறுப்புகள்: உண்மை விற்பனை, பட்ஜெட் விற்பனை. அந்தப் பரிமாணத்தைச் சொல்லாமல் எழுதிய ஒரு க்வெரி, நடந்த விற்பனையையும் நடக்க வேண்டுமென்று திட்டமிட்ட விற்பனையையும் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுத்தது. எழுதியவன் நான். பத்து நாள் கழித்துக் கணக்குப் பிரிவிலிருந்த ஓர் அம்மா, “தம்பி, இந்த ஊர்ல இவ்வளவு சரக்கு இறங்கவே இல்லையே” என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அந்தப் பத்து நாளும் அந்த எண் திரையில் சரியான எண்ணைப் போலவே நின்றுகொண்டிருந்தது.

செய்து பார்த்துக் கற்க வேண்டுமானால், செய்தது தவறு என்று எதுவோ நமக்குக் காட்ட வேண்டும். மாவு புளிக்கவில்லையென்றால் இட்லி காட்டிக்கொடுத்துவிடும். க்யூப் காட்டிக்கொடுக்காது.

இன்னொன்றை எண்களோடு பார்க்கலாம். 2022இல் விற்பனை 100 லட்சம், லாபம் 20 லட்சம். 2023இல் விற்பனை 200 லட்சம், லாபம் 50 லட்சம். லாப விகிதம் என்று ஒரு பத்தியைக் கணக்கிட்டுச் சேர்க்கிறோம். முதல் ஆண்டுக்கு 20 விழுக்காடு, இரண்டாம் ஆண்டுக்கு 25. கீழே ‘வித்தியாசம்’ என்று ஒரு வரியும் சேர்க்கிறோம். விற்பனையின் வித்தியாசம் 100 லட்சம், லாபத்தின் வித்தியாசம் 30 லட்சம். இந்தப் பத்தியும் இந்த வரியும் சந்திக்கும் மூலை அறையில் என்ன வரும்?

இரண்டு விகிதங்களைக் கழித்தால் 5. வித்தியாச வரியிலுள்ள லாபத்தை அதே வரியின் விற்பனையால் வகுத்தால் 30. இரண்டு கணக்கும் இலக்கணப்படி சரி. எது வர வேண்டும் என்பதை சால்வ் ஆர்டர் என்ற முன்பின் வரிசை தீர்மானிக்கிறது. எந்தக் கணக்கின் வரிசை எண் பெரியதோ அதுவே அந்த அறையில் செல்லும். மேலாளர் கேட்டது ‘விகிதம் எவ்வளவு கூடியது’ என்றால் விடை 5. தப்பித்தவறி 30 வந்து நின்றால் யாருக்கும் சந்தேகம் எழாது. ஏனென்றால் 30க்கும் ஒரு பொருள் உண்டு: கூடுதலாக விற்ற 100 லட்சத்தில் மட்டும் கிடைத்த லாபத்தின் விகிதம் அது. வேறொரு கேள்விக்கான சரியான விடை நம் கேள்வியின் கீழே வந்து உட்கார்ந்திருக்கிறது. நூறு முறை ஓட்டிப் பார்த்தாலும் நூறு முறையும் 30தான் வரும். சால்வ் ஆர்டர் என்ற ஒன்று இருப்பதையே அந்த நூறு முறையும் நமக்குச் சொல்லாது.

அதை எனக்குச் சொன்னது ஜார்ஜ் ஸ்பாஃபோர்டு எழுதிய ‘எம்டிஎக்ஸ் சொல்யூஷன்ஸ்’. 2001இல் முதல் பதிப்பு, 2006இல் சிவகுமார் ஹரிநாத், கிறிஸ் வெப் உள்ளிட்டோர் சேர்ந்து எழுதிய இரண்டாம் பதிப்பு. உறுப்பு, உறுப்புகள் சேர்ந்த டியூபிள், டியூபிள்கள் சேர்ந்த செட், பிறகு அறை, பிறகு அறைக்குள் எந்தக் கணக்கு முந்தும் என்று படிப்படியாக ஏற்றிச் செல்லும் வரிசைதான் இத்தகைய நூலின் பலம். முதல் படியில் கால் ஊன்றாதவருக்கு நான்காவது படி புரியாது. துண்டு துண்டாகக் கிடைக்கும் விடைகளில் இந்த வரிசை இல்லை.

இரண்டாவது வாதம்: நூல் அச்சேறி வருவதற்குள் பழையதாகிவிடுகிறது. எம்டிஎக்ஸே பழைய மொழி, இப்போது டாக்ஸ் என்ற புது மொழி வந்துவிட்டது.

பாதி உண்மை, அதை மறைக்கத் தேவையில்லை. 2005 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் பரிமாணங்களின் அமைப்பையே மாற்றியது. ஒவ்வொரு பண்புக்கும் தனிப் படிநிலை வந்தது. அதற்கு முந்தைய நூல்களில் சில பகுதிகள் அன்றே காலாவதியாகின. எந்த மெனுவைத் திறந்து எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று படம் படமாகப் போட்டு நூறு பக்கத்தை நிரப்பிய நூல்களும் நிறைய உண்டு. அந்தப் பக்கங்களை இன்று தயங்காமல் புரட்டிவிடலாம்.

மொழியின் உள்ளமைப்பு மாறவில்லை. எஸ்பேஸும், மாண்ட்ரியன் என்ற இன்னொரு க்யூப் மென்பொருளும் எம்டிஎக்ஸைப் புரிந்துகொள்கின்றன. எக்செலில் பிவட் டேபிள் போட்டு அதைப் பவர் பிஐ மாடலோடு இணைத்தால், நீங்கள் ஒவ்வொரு பெயரை இழுத்து வைக்கும்போதும் பின்னால் போவது எம்டிஎக்ஸ் க்வெரிதான். இழுத்து வைத்தவருக்கே அது தெரியாது. டாக்ஸுக்கு வந்தாலும் தப்பிக்க முடியாது. டாக்ஸில் எல்லோரும் தடுக்கி விழும் இடம், ஒரு கணக்கு எந்தச் சூழலில் நின்று மதிப்பிடப்படுகிறது என்பது. எம்டிஎக்ஸில் ‘இப்போது நிற்கும் உறுப்பு’ என்ற கருத்தை ஊன்றிப் படித்தவர் அங்கே பாதி தூரத்தைக் கடந்துவிட்டிருப்பார். இரண்டு மொழிகளும் ஒன்றல்ல, கேள்வி ஒன்று. க்யூப் கட்டுவது பற்றி 2009இல் கிறிஸ் வெப்போடு சேர்ந்து எழுதிய ஆல்பர்ட்டோ ஃபெராரி, மார்கோ ருஸ்ஸோ இருவரும்தான் 2015இல் டாக்ஸுக்கான பெருநூலையும் எழுதினார்கள். ரால்ஃப் கிம்பல் 1996இல் எழுதிய ‘டேட்டா வேர்ஹவுஸ் டூல்கிட்’ இன்னும் பழையது. கிடங்கு இருப்பை மாதங்களுக்குக் குறுக்கே கூட்டக்கூடாது என்று அது சொல்வதை எந்த மென்பொருள் பதிப்பும் பழையதாக்க முடியாது. ஜனவரி முடிவில் 40 மூட்டை, பிப்ரவரி முடிவில் 30, மார்ச் முடிவில் 20 என்றால் காலாண்டு முடிவில் கிடங்கில் இருப்பது 20 மூட்டைதான், 90 அல்ல. சும்மா கூட்டச் சொன்னால் க்யூப் 90 என்றுதான் காட்டும்.

மூன்றாவது வாதம்: தேடினால் விடை கிடைக்கிறது, இப்போது கேட்டால் இயந்திரமே எழுதியும் தருகிறது.

தேட வேண்டுமென்றால் தேடும் பொருளின் பெயர் தெரிய வேண்டும். 30 வந்து நிற்கும் அறையைப் பார்த்து யாரும் சால்வ் ஆர்டர் என்று தேடப் போவதில்லை, அங்கே தவறு நடந்திருப்பதே தெரியாதபோது. இயந்திரம் எழுதித் தருவதை நானும் பயன்படுத்துகிறேன். வாக்கியம் பிசகில்லாமல் வருகிறது. ஆனால் நம் க்யூபில் ‘நிலவரம்’ என்றொரு பரிமாணம் ஒளிந்திருப்பது, நாம் சொல்லாதவரை, அதற்குத் தெரியாது. எழுதி வந்ததைச் சரிபார்க்கும் பொறுப்பு நம் தலையில்தான் விழுகிறது. சரிபார்ப்பதற்கு வேண்டிய அறிவு, எழுதுவதற்கு வேண்டிய அறிவைவிடக் குறைந்ததல்ல.

நான்காவது வாதத்தை ஏளனமாக யாரும் சொல்வதில்லை, வருத்தமாகச் சொல்கிறார்கள்: “சார், இங்கிலீஷ் புக் ஓடல. வீடியோன்னா பரவாயில்ல.”

தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்கள் சொல்லும்போது இதை நான் தட்டிக்கழிப்பதில்லை. நூல்களின் நடை கடினம்தான். உதாரணங்கள் பெரும்பாலும் அட்வென்ச்சர் ஒர்க்ஸ் என்ற கற்பனைச் சைக்கிள் கம்பெனியிலிருந்து வருகின்றன. ஆனாலும் ஆங்கிலத்தில் தயங்குகிறவருக்குத்தான் நூல் அதிகம் உதவும் என்பது என் அனுபவம். காணொளியில் பேசுபவர் தன் வேகத்தில் பேசிவிட்டுப் போய்விடுவார். அச்சடித்த பத்தி அங்கேயே இருக்கும். ஐந்து முறை படிக்கலாம், ஓரத்தில் தமிழில் எழுதிக்கொள்ளலாம். எம்டிஎக்ஸ் நூலில் வரும் சொற்களும் ஒன்றும் ஆயிரக்கணக்கில் இல்லை. இருபது முப்பது சொற்கள் திரும்பத் திரும்ப வரும், அவை பிடிபட்டால் பக்கங்கள் நகரத் தொடங்கும். சைக்கிள் கம்பெனியை எடுத்துவிட்டு உங்கள் ஊர் மளிகை மொத்த வியாபாரத்தைப் போட்டு அதே கணக்கை எழுதிப் பாருங்கள். பருப்பு, எண்ணெய், திருச்சி, மதுரை என்று உறுப்புகள் மாறும், டியூபிள் மாறாது.

படிக்கும் முறையையும் சொல்ல வேண்டும். நூலை மட்டும் படித்து எவரும் கற்றுவிடுவார் என்று நான் வாதிடவில்லை. பக்கத்தில் ஒரு சிறிய க்யூப் திறந்திருக்க வேண்டும். நூலிலுள்ள க்வெரியை ஓட்டும் முன் என்ன எண் வரும் என்று நோட்டில் பேனாவால் எழுத வேண்டும். வந்த எண் வேறாக இருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போகக்கூடாது. காரணம் கிடைக்கும்வரை அதே பத்தியில் நிற்க வேண்டும். க்யூப் தராத பிழைச்செய்தியை இந்த நோட்டு தரும்.

அதற்கு நேரம் இல்லை என்பார்கள். இது கடைசி வாதம். ஒரு நாளைக்கு அரைமணி, ஆறு வாரம் என்றால் இருபத்தொரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது, அடிப்படை அத்தியாயங்கள் முடிந்துவிடும். உண்மையையும் பட்ஜெட்டையும் கூட்டிய அந்த ரிப்போர்ட்டைத் திரும்பப் பெறவும், அதைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவருக்கும் விளக்கம் எழுதவும் எனக்கு அதைவிட அதிக நேரம் பிடித்தது.

சென்ற ஆண்டு எங்களிடம் சேர்ந்த ஒரு பெண்ணிடம் நூலையும் நாற்பது பக்க நோட்டு ஒன்றையும் கொடுத்திருந்தேன். முதல் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காவது வாரம் ஒரு காலை, நோட்டைத் திறந்தபடியே என் இருக்கைக்கு வந்தார். ஒரு பக்கத்தின் நடுவில் 5 என்று எழுதி வட்டமிட்டிருந்தது.

“சார், இந்த மூலைல 5 வரும்னு எழுதினேன். ஓட்டினா 30 வருது. சால்வ் ஆர்டர் நான் போடவே இல்ல, அதான். ஆனா நம்ம மாதாந்திர ரிப்போர்ட்லயும் யாரும் போடல சார். அதை இப்ப மாத்தலாமா?”

நாங்கள் அந்த ரிப்போர்ட்டைத் திறந்தோம்.