ஆளில்லாத கரையைத் தேடாதீர்கள்



காரைக்காலில் பிறந்து, பாரிஸ் புறநகரில் குடும்பத்தோடு வாழும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற கோடையில் தொலைபேசியில் அழைத்தார். விடுமுறைக்காக அட்லாண்டிக் கரையிலுள்ள லக்கானோ ஓசியான் என்னும் சிற்றூருக்குச் சென்றிருந்தனர். கூட்டத்தின் நடுவே வீட்டுப் பெண்களை அமர்த்த மனமின்றி, கரையோரமாக நெடுந்தொலைவு நடந்து, ஆளரவமற்ற ஓரிடத்தில் தங்கினார்களாம். குளம்போல் கிடந்த முழங்காலளவு நீரில் மகன் விளையாடினான். சிறிது நேரத்தில் அந்நீரே அவனைக் கடலுக்குள் இழுத்தது. அலைச்சறுக்கில் ஈடுபட்டிருந்த இளைஞர் ஒருவர் அவனைக் கரைசேர்த்தார். அல்ஹம்துலில்லாஹ். "பார்த்தபோது பயமே தோன்றவில்லை, ஹஜ்ரத்" என்றார்.

அக்கரையில் மணல்திட்டுக்கும் கரைக்கும் இடையே இத்தகைய பள்ளங்கள் உண்டு. 'பயீன்' என்பது அவற்றின் பெயர். கடல் வற்றியிருக்கும்போது அவை குழந்தைகளுக்கென்றே தோண்டியவைபோல் அமைதியாகத் தெரியும். நீர்மட்டம் ஏறும்போது அலைகள் திட்டைத் தாண்டிப் பள்ளத்தில் கொட்டும். கொட்டிய நீர் ஒரு குறுகிய வாய் வழியாகக் கடலுக்குத் திரும்பும். இருபுறமும் அலை உடைய, நடுவே மட்டும் நீர் வழவழப்பாகத் தோன்றுமிடமே பெரும்பாலும் அந்த வாய்.

உயிர்காப்பாளர்கள் இத்தகைய இடங்களைப் பார்த்துத்தான் குளிக்கும் எல்லையைக் குறிக்கிறார்கள். 2022 முதல் பிரான்சில் அவ்வெல்லைக்கு மேற்பாதி சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளுமான இரு கொடிகள் அடையாளம். கம்பத்தில் பச்சைக்கொடி என்றால் இறங்கலாம். மஞ்சள் என்றால் ஆபத்துண்டு, எச்சரிக்கை தேவை. சிவப்பு என்றால் இறங்கவே கூடாது.

ஹயாவைப் பேணத்தானே ஒதுங்கினோம் என்பார்கள். அந்தப் பேணுதலை நான் மதிக்கிறேன். ஆனால் அதைக் கொடிகளுக்கு அருகிலும் பேணலாம்: கூட்டத்தின் ஓரத்தில் அமரலாம், பார்வையைத் தாழ்த்தலாம், உடல் மறைக்கும் நீச்சலுடை அணியலாம். வில்நெவ் லூபே நகரம் அவ்வுடைக்கு விதித்த தடையை அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2016 ஆகஸ்டிலேயே நிறுத்திவைத்தது. தளர்ந்த பருத்தி உடையும் துப்பட்டாவுமாக இறங்குவதைத்தான் நான் அஞ்சுகிறேன். நனைந்தால் அவை கைகால்களைக் கட்டிவிடும்.

இன்னொன்று. அங்கே ஜூன் இறுதியில் சூரியன் மறைய இரவு 10 மணியை நெருங்கும். 'மக்ரிபுக்கு நேரம் கிடக்கிறதே' என்று, காப்பாளர்கள் வீடு திரும்பிய பின்னும் பிள்ளைகளை நீரில் விட்டுவைக்கிறோம். வெளிச்சம் இருப்பதும் காவல் இருப்பதும் வேறு வேறு.

நீரில் மூழ்கி இறந்தவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டென்பது ஸஹீஹான ஹதீஸ். பிள்ளையை இழந்த தாய்க்கு அது ஆறுதல். கொடியைப் பாராமல் பிள்ளையை இறக்கிய தந்தைக்கு அதில் சாக்கு இல்லை.

நீரோட்டம் இழுத்தால் எதிர்த்து நீந்தாதீர்கள். மிதந்துகொண்டு கையை உயர்த்துங்கள், திட்டைக் கடந்ததும் அதன் வேகம் தணியும். பிள்ளையின் பின்னே வெறுங்கையோடு பாய்ந்த தந்தையும் மூழ்கக்கூடும். மிதக்கும் பொருள் எதையேனும் பற்றிக்கொள்ளுங்கள். கடலில் ஆபத்தென்றால் 196, பொதுவாக 112. இவற்றைப் பயணத்துக்கு முன்பே கைப்பேசியில் பதிந்துகொள்க.

மாணவர் இவ்வாண்டும் அங்கேயே செல்கிறார். சிறுவர்கள் காலை நனைக்க, ஊருக்கு உட்புறமுள்ள லக்கானோ ஏரிக்குப் போகச் சொன்னேன். அங்கே கடலின் ஏற்றவற்றம் கிடையாது. ஏரியானாலும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதாக வாக்களித்திருக்கிறார்.