ஊர்க்காரன்னா யாரு?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுத் தள்ளிப் போட்டுட்டே வந்த விஷயம். மொக்கைப் பதிவு எதிர்பார்த்து வந்தவங்க பொறுத்துக்கணும், இன்னிக்குக் கொஞ்சம் சீரியஸ் :-)

எங்க ஆத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஊசி, பாசி, சீப்பு, பலூன்னு விரிச்சு வச்சு விக்கிற நரிக்குறவர் குடும்பங்களைப் பாத்திருப்பீங்க. பகல்ல யாவாரம். ராத்திரி கடைங்க ஷட்டர் இறக்கினதும் அந்த வாசல்லயே தூக்கம். எல்லா ஊர்லயும் இருக்கிற காட்சிதான். நம்மளைப் பொறுத்தவரை அவங்க 'எங்கிருந்தோ வந்தவங்க'. பத்து வருஷம் அதே வாசல்ல படுத்தாலும் அப்படித்தான்.

குழந்தைங்க கணக்கு வேற. அதுதான் சரியான கணக்குன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

அக்கா பொண்ணு மூணாவது படிக்குது. ஒரு நாள் பஸ்ஸுக்கு நிக்கும்போது சும்மா பேச்சுக் குடுத்தேன், "இவங்கெல்லாம் எந்த ஊரு கண்ணு?"

"நம்மூருதான் மாமா."

"எப்படிச் சொல்ற?"

"தினம் ஸ்கூல் வேன்ல போறப்ப பாக்குறேனே. இங்கதான் இருக்காங்க. நீங்கதான் பெங்களூரு."

செம பல்பு :-( அதோட விட்டுச்சா? ஒண்ணாவது படிக்கிற அவ தம்பி அடுத்த கேள்வி கேட்டான்: "மழை வந்தா எந்த வீட்டுக்குப் போவாங்க?" பதில் சொல்லாம பஸ் வருதான்னு பாத்துட்டு நின்னேன். அதுக்கு என்ன பதில் இருக்கு சொல்லுங்க?

யோசிச்சுப் பாத்தா பொண்ணு சொன்னதுல லாஜிக் பக்காவா இருக்கு. நான் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வர்றவன். ஆனா ரேஷன் கார்டுல பேர் ஆத்தூர்ல, ஓட்டு ஆத்தூர்ல. வருஷம் பூரா ஆத்தூர் வெயில்லயும் கொசுக்கடியிலயும் கிடக்கிறவங்க வெளியாளு!

இன்னொரு வேடிக்கை தெரியுமா? சட்டமும் கிட்டத்தட்ட அந்த மூணாங்கிளாஸ் பொண்ணு பக்கம்தான். வீடில்லாதவங்க வாக்காளர் பட்டியல்ல சேர முகவரிச் சான்று தேவையில்லைன்னு தேர்தல் ஆணையத்தோட விதி சொல்லுது. படிவம் 6-ல எந்த இடத்தைக் குறிப்பிட்டிருக்காங்களோ, அங்க வாக்குச்சாவடி அலுவலர் ராத்திரி நேரத்துல போய், நிஜமாவே அங்க தூங்குறாங்களான்னு பாத்தாப் போதும். அதாவது தூங்குற இடம்தான் முகவரி. அதே மாதிரி 2009 கல்வி உரிமைச் சட்டம், பிறந்த தேதிக்குச் சான்று இல்லைங்கிற காரணத்துக்காகப் பிள்ளையைச் சேக்க மாட்டேன்னு சொல்லக்கூடாதுங்குது. எழுத்துல எல்லாம் இருக்கு. நம்ம மனசுலதான் இல்லை.

அது எங்க கெட்டுப் போகுது? நம்ம வீட்டுச் சோத்துத் தட்டுல. "சாப்பிடலைன்னா குறத்திகிட்டப் புடிச்சுக் குடுத்துருவேன்"னு கேட்காம வளந்தவங்க எங்க பக்கம் கம்மி. சிரிச்சுட்டே சொல்ற விஷயம்தான். ஆனா அந்தக் குழந்தை மண்டையில 'நம்மூருக்காரங்க'ங்கிற இடத்தை அழிச்சுட்டு 'புள்ள புடிக்கிறவங்க'ன்னு எழுதுறது நாமதான்.

அதோட விலை என்னன்னு 2018 மே மாசம் பாத்தோம். குழந்தை கடத்துறாங்கன்னு வாட்ஸப்புல புரளி ஓடினப்ப, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர்ல, குழந்தைங்களுக்கு மிட்டாய் குடுத்த ஒரு வயசான அம்மாவை ஊரே சேர்ந்து அடிச்சுக் கொன்னுது. அதே வாரம் பழவேற்காட்டுல ஒருத்தரை அடிச்சுக் கொன்னு பாலத்துல தொங்கவிட்டாங்க. அடிச்சவங்க யாரும் வேத்துக் கிரகத்துல இருந்து வரலை. சின்ன வயசுல இதே பூச்சாண்டிக் கதை கேட்டு வளந்தவங்களாத்தான் இருக்கும்.

உயிர் போகலைன்னாலும் மானம் போகுது. 2021 அக்டோபர்ல மாமல்லபுரம் ஸ்தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியில இருந்து கைக்குழந்தையோட வந்த நரிக்குறவப் பெண்ணை எழுப்பி விட்ட கதை வீடியோவா வந்துச்சு. அப்புறம் அமைச்சர் சேகர்பாபு போய் அவங்களோட உக்காந்து சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளி அன்னிக்கு முதல்வர் ஸ்டாலின் பூஞ்சேரிக்கே போய்ப் பட்டா குடுத்தார். நல்ல விஷயம். ஆனா 2023 மார்ச் 30-ல சென்னை ரோகிணி தியேட்டர்ல 'பத்து தல' பாக்க டிக்கெட்டோட வந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசல்லயே நிறுத்தினாங்க. வீடியோ பரவின பிறகு, படம் யு/ஏ, கூட சின்னப் பசங்க இருந்தாங்கன்னு தியேட்டர் தரப்புல விளக்கம். பெத்தவங்க கூட்டிட்டு வந்தா யு/ஏ படத்துக்குக் குழந்தைங்க போகலாம்னு நமக்குத் தெரியாதா என்ன? அந்தப் படத்துக்கு எத்தனை பேர் புள்ளகுட்டியோட போயிருப்போம், யாராவது தடுத்தாங்களா?

கவனிச்சுப் பாருங்க, ரெண்டு சம்பவத்துலயும் கூடக் குழந்தைங்க இருந்துச்சு. "நீ இந்த இடத்துக்குச் சேர்ந்தவன் இல்லை"ன்னு அந்தப் பிள்ளைங்க கத்துக்கிட்டதும் அங்கதான்.

அரசாங்கம் அசைஞ்ச வேகமும் தெரிஞ்சதுதானே. நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியல்ல சேக்கலாம்னு லோகூர் குழு பரிந்துரைச்சது 1965. நாடாளுமன்றத்துல மசோதா நிறைவேறினது 2022 டிசம்பர், சட்டமானது 2023 ஜனவரி. ஐம்பத்தேழு வருஷம்! நம்ம ப்ராஜெக்ட் மேனேஜர் எவ்வளவோ தேவலை :-)

இதுக்கு வழக்கமா வர்ற எதிர்வாதமும் தெரியும். "வீடு குடுத்தாலும் இருக்க மாட்டாங்க சார், பூட்டிட்டு ஊர் சுத்தப் போயிடுவாங்க." சரி. அவங்க பொழப்பே திருவிழா எங்கயோ அங்க போய் விக்கிறது. வேட்டை இருந்த காலத்துலயும் அலைச்சல்தான், 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் பாசிமணியே பெரிய தொழிலாகி அலைச்சல் தொடருது. நானும் ஆத்தூர் வீட்டை விட்டுட்டு வேலைக்காகப் பெங்களூர்ல கிடக்கேன். "இவனுக்கெல்லாம் எதுக்கு ஊர்ல வீடு"ன்னு யாரும் கேட்டதில்லையே? நம்ம அலைச்சலுக்குப் பேரு ஆன்சைட், அவங்க அலைச்சலுக்குப் பேரு நாடோடியா?

குழந்தைங்கெல்லாம் தெய்வம், கள்ளம் கபடம் இல்லாததுன்னு பொன்மொழி உதிர்க்க வரலை. பசங்க கேலியும் பண்ணும், பக்கத்துல உக்கார மாட்டேன்னு அடமும் பிடிக்கும். ஆனா பெரும்பாலும் அது நம்மகிட்ட இருந்து காப்பி அடிச்சது. ஒரே பெஞ்சு, ஒரே சத்துணவு வரிசைன்னு இருக்கிற அரசுப் பள்ளியில பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகவாவது ஒரு வாய்ப்பு இருக்கு. எங்க வீட்டுக் குட்டிங்க மாதிரி வேன் ஜன்னல் வழியா மட்டும் பாக்குற பிள்ளைங்களுக்கு அதுவும் இல்லை. 'நம்மூரு'ன்னு அதுங்க இப்ப சொல்லுது. இன்னும் நாலு வருஷத்துல நம்மளை மாதிரியே பேச ஆரம்பிச்சுடும். அதுக்குள்ள நாம ஏதாவது செஞ்சாகணும்.

பெரிய புரட்சி எல்லாம் வேணாம். ஒண்ணு, சோறு ஊட்டும்போது அந்தப் பூச்சாண்டி வசனத்தை நிறுத்துவோம். ரெண்டு, உங்க ஊர்ல வாசல்ல தூங்குற குடும்பத்துல பள்ளிக்கூடம் போகாத குழந்தை இருந்தா, பெத்தவங்ககிட்டப் பேசிட்டு, கூடவே பக்கத்து அரசுப் பள்ளி வரைக்கும் போய் வருவோம். சான்றிதழ் கேட்டு இழுத்தடிச்சா சட்டத்தை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் கூட இருந்தாலே பாதி வேலை முடியும். மூணு, படிவம் 6 நிரப்பிக் குடுக்க ஒரு அரை மணி நேரம். கோடு எழுதிக் கிழிக்கிற நமக்கு ஒரு ஃபார்ம் நிரப்புறது பெரிய விஷயமா?

இவ்வளவும் செஞ்சாலும் அந்தப் பொடியன் கேட்ட மழைக் கேள்விக்குப் பதில் கிடைச்சுடாது. அதுக்குப் பட்டாவும் கூரையும் வேணும், அதைக் கேட்டு வாங்க ஓட்டு வேணும், ஓட்டுக்கு முதல்ல ஊர்க்காரங்கன்னு நாம ஒத்துக்கணும்.

உங்க ஊர்ல எப்படி? யாராவது இந்த மாதிரி பள்ளியில சேத்து விட்ட அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க மக்களே, அடுத்தவங்களுக்கு உதவும். 'திருடுவாங்க சார்'னு ஆரம்பிக்கிற அனானிகளுக்கு மட்டும் கதவு சாத்தியிருக்கு.