மீன் மிச்சம் இருக்க வேண்டும்!

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் வாடை தெரியாத குழந்தை கிடையாது. கொல்கத்தாவில் டாங்ரா என்று ஒரு பகுதி. அங்கும் நெடுங்காலம் அப்படித்தான். ஆனால் அங்கே தோல் பதனிட்டவர்கள் சீனர்கள்!

தென் சீனாவிலிருந்து வந்த 'ஹக்கா' மக்கள் அவர்கள். 1910-ஐ ஒட்டித் தோல் பதனிடத் தொடங்கினார்கள். தொழிற்சாலைக்கு உள்ளேயே குடித்தனம்.

சீனப் புத்தாண்டு ஜனவரி கடைசியில் அல்லது பிப்ரவரியில் வரும். அதற்கு முந்திய இரவுதான் அவர்களுக்கு முக்கியம். வெளியூர் போன பிள்ளைகள் வீடு திரும்பிவிட வேண்டும். கோழி, பன்றி இறைச்சி, மீன், சின்னக் கிண்ணங்களில் மது எல்லாவற்றையும் முதலில் முன்னோருக்குப் படைப்பார்கள். ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுவார்கள். பிறகுதான் குடும்பம் சாப்பிட உட்காரும்.

இது வேலூர்ப் பக்கத்து மக்களுக்குப் புதிதா? பண்டிகை நாளில் இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் வைத்து, புதுத்துணி வைத்துப் படைத்து, காக்கைக்கு ஒரு பிடி போட்டபின் சாப்பிடும் வீடுகள் இங்கே எத்தனை!

அந்த விருந்தில் முழு மீன் ஒன்று இருக்கும். அதை முழுவதும் தின்றுவிடக் கூடாது. சீன மொழியில் மீனுக்கும் மிச்சத்துக்கும் ஒரே ஓசை. மீன் மிஞ்சினால் ஆண்டு முழுவதும் வீட்டில் எல்லாம் மிஞ்சுமாம். பசியோடு இருக்கும் சிறுவனுக்கு இது பெரிய சோதனைதான்!

1962-ல் இந்திய-சீனப் போர் மூண்டது. அசாம், மேற்கு வங்காளம் முதலிய இடங்களில் வாழ்ந்த சீன வம்சத்தினர் சுமார் 3,000 பேரைப் பிடித்து, ராஜஸ்தானில் தேவ்ளி என்ற ஊரில் முகாமில் அடைத்தார்கள். கிழவர்களும் கைக்குழந்தைகளும் அதில் உண்டு. பலர் இந்தியாவிலேயே பிறந்தவர்கள். 1963 ஜனவரியில் புத்தாண்டு வந்தபோது அவர்கள் முள்வேலிக்குள் இருந்தார்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். திரும்பி வந்த பலருக்கு வீடும் இல்லை, கடையும் இல்லை.

யார் மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. முகத்தையும் வம்சத்தையும் பார்த்துப் பிடித்தார்கள். போர்க்காலப் பயம் என்று சொல்லி இந்த அநியாயத்தை மூடிவிட முடியாது.

1996-ல் சுப்ரீம் கோர்ட்டு பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகள் மீது கடுமையான தீர்ப்பு அளித்தது. அதே ஆண்டில் கொல்கத்தா ஆலைகளையும் நகரை விட்டு வெளியேறச் சொன்னது. ஆற்றைக் காப்பது நியாயமே. ஆனால் டாங்ராவில் ஆலை போனால் வீடும் போயிற்று. ஏற்கெனவே பலர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். இன்று பழைய ஆலைகள் சில சீன உணவு விடுதிகள். 'சில்லி சிக்கன்' தின்னப் போகிறவர்களுக்கு இந்தக் கதை தெரியுமோ, என்னவோ!

தேவ்ளியில் அடைபட்ட குழந்தைகளுக்கு இன்று அறுபது வயதுக்கு மேல். பெற்றோர் பலர் படையலுக்குரியவர்கள் ஆகிவிட்டார்கள். நாடு வருத்தம் சொல்வதாக இருந்தால், மிஞ்சியிருப்பவர்கள் காது கேட்கும்போதே சொல்ல வேண்டும்.