சொந்தப் பாட்டு எங்க மக்கா?

ஆஸ்கர்ல சிறந்த பாடல் விருது இந்தியர்களுக்கு ரெண்டு தடவை வந்திருக்கு. 2009-ல் ரஹ்மான், குல்சாரோட ‘ஜெய் ஹோ’. ஆனா அது பிரிட்டிஷ் படம். 2023-ல் ‘நாட்டு நாட்டு’. மேடையிலயும் தெலுங்குலயேதான் பாடினாங்க. நடுவுல 2013-ல், ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்கு பாம்பே ஜெயஸ்ரீ எழுதிப் பாடின தமிழ்த் தாலாட்டு நாமினேஷன் வரை போச்சு. சொந்த மொழி யாருக்கும் தடையா இருக்கல.

நம்ம கல்ச்சுரல்ஸைப் பாருங்க. கரோக்கி, சினிமாப் பாட்டு, அவ்வளவுதான். வில்லுப்பாட்டுக்காகப் பத்மஸ்ரீ வாங்கின சுப்பு ஆறுமுகம் நம்ம நெல்லைக்காரர். கோயில் கொடையில விடிய விடிய வில்லு கேட்டு வளர்ந்தவங்க நம்ம கிளாஸ்லயே இருக்காங்க. அடுத்த வருஷம் ஒரே ஒரு ஈவென்ட் சேர்ப்போம்: சொந்த வரி, சொந்த மெட்டு, நம்ம ஊர்ப் பேச்சு. முதல்ல நாலு பேர் சிரிப்பாங்க. சிரிக்கட்டும், நீங்க பாடுங்க.