உறைமேல் மூன்று வரி எழுதுங்கள்

மருந்துக் கடையில் கத்தரியால் பட்டையை வெட்டி, காகித உறையில் போட்டு, மேலே '1-0-1' என்று கிறுக்கித் தருகிறார்கள். காலை ஒன்று, இரவு ஒன்று. எதோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்று சொல்லும் துண்டுத்தாள் பெட்டியோடு கடையிலேயே தங்கிவிடுகிறது. வீடு வந்து சேர்ந்தாலும் அது பொடி எழுத்து ஆங்கிலம்.

இதனால் அதிகம் அவதிப்படுவது தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள். லெவோதைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி குடிக்க வேண்டும். நம் வீடுகளிலோ இடது கையில் டம்ளர், வலது கையில் மாத்திரை. மருந்து உடலில் சேருவதைக் காபி குறைக்கிறது. கால்சியம், இரும்பு மாத்திரைகளையும் கூடவே போட்டால் கேட்கவே வேண்டாம், அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. பரிசோதனையில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் இறங்காது. மருத்துவர் அளவைக் கூட்டுவார். காபியைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கர்ப்பிணிகளின் இரும்புச் சத்து மாத்திரைக்கு டீ ஆகாது. டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசினுக்குப் பால் ஆகாது. செயற்கை இதய வால்வு பொருத்தியவர்கள் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் அசிட்ரோம் மாத்திரையின் கதை வேறு. 'கீரையே தொடாதே' என்று மிரட்டுவது பாதி அறிவு. கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்துக்கு எதிராக வேலை செய்வது உண்மைதான். ஆனால் வேண்டியது வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, மறுவாரம் சுத்தமாக இல்லை என்றால், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு ஏறி இறங்கும். இறங்கினால் ரத்தம் உறையும், ஏறினால் கசியும்.

மருத்துவருக்கு நேரமில்லை என்பது பழைய சமாதானம். நோயாளிக்கு விளக்குவது மருந்தாளுநரின் கடமை என்று 2015-ஆம் ஆண்டின் மருந்தாளுநர் நடைமுறை விதிகளே சொல்கின்றன. கவுன்டரில் மருந்தாளுநர் இருந்தால்தானே விளக்குவதற்கு!

நாம் கேட்பது பெரிய செலவில்லை. 'டீ, காபியோடு வேண்டாம்', 'பாலோடு வேண்டாம்', 'கீரை அளவை மாற்ற வேண்டாம்' என மூன்று வரிகளை உறையில் தமிழில் அச்சிட்டு, பொருந்துவதை டிக் செய்து தர வேண்டும். அரசு மருத்துவமனைகள் முதலில் தொடங்கட்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கு மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலர்களுக்கும் இதில் பயிற்சி வேண்டும். தனியார் கடைகளுக்கு இதை உரிம நிபந்தனையாகவே ஆக்க வேண்டும்.