எதிரி சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டுமா?

விமானப்படையில் விமானியை உட்கார வைத்துத் தோள் வாரை இழுத்து மாட்டி, இருக்கையின் பாதுகாப்புப் பின்னைப் பிடுங்கி அவர் கண்ணெதிரே தூக்கிக் காட்டிவிட்டு ஏணியை எடுக்கிற வேலை பார்த்தவன் நான். போன விமானம் தரை தொடும்வரை எங்களுக்குச் சோறு இறங்காது. அதனால்தான் போய்த் திரும்பாத ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட தேவய்யாவை நினைத்தால் இன்றும் வயிறு பற்றி எரிகிறது.

1965 செப்டம்பர் 7. இந்திய-பாகிஸ்தான் போர். பாகிஸ்தானின் சர்கோதா விமானத் தளத்தைத் தாக்க ஆதம்பூரிலிருந்து 12 மிஸ்டேர் விமானங்கள் போக வேண்டும். தேவய்யா மாற்று ஆள்தான். ஓர் இடம் காலியானதும் கிளம்பிவிட்டார். திரும்புகிற வழியில் பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் மறித்துச் சுட்டது. ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகம் அதற்கு. இவருடையதோ பழைய பிரெஞ்சு விமானம். ஓடித் தப்பவும் வழியில்லை. அடிபட்ட விமானத்தோடு அந்த மனிதர் திரும்பிச் சண்டை போட்டார். ஸ்டார்ஃபைட்டரைச் சுட்டு வீழ்த்தினார். அதை ஓட்டிய அம்ஜத் ஹுசைன் பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார். நம்மவர் பிழைக்கவில்லை.

நம் ஏட்டில் என்ன எழுதினோம்? காணவில்லை. அவ்வளவுதான்! செத்தாரா, சிறையில் இருக்கிறாரா என்று தெரியாமல் ஒரு குடும்பம் எப்படி ஐயா நாளைத் தள்ளும்? ஜான் ஃப்ரிக்கர் என்ற ஆங்கிலேயர் பாகிஸ்தான் விமானப்படையின் போர்க்கதையை 1979இல் புத்தகமாகப் போட்டார். அதில் தங்கள் ஸ்டார்ஃபைட்டர் ஒரு மிஸ்டேரிடம் விழுந்ததைப் பாகிஸ்தானியர்களே ஒப்புக்கொண்ட பிறகுதான், அது தேவய்யாவின் வேலை என்று இங்கே கூட்டிக்கழித்துக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகும் மகாவீர் சக்ரா வர 1988 ஆயிற்று. வாங்கிக்கொள்ள அவர் மனைவி சுந்தரி போனார். இத்தனை வருஷம் அந்தப் பெண் பட்டதற்கு எந்தப் பதக்கம் ஈடு?

பதக்கம் யாரும் போட்ட பிச்சை இல்லை. உயிரைக் கொடுத்தவனுக்கு நாடு பட்ட கடன். கடனைத் தேடி வந்து அடைக்க வேண்டியவன் கடன்பட்டவன்தானே!

2025இல் அவர் கதையை வைத்து ‘ஸ்கை ஃபோர்ஸ்’ என்று சினிமா எடுத்தார்கள். அதிலும் அவர் பாத்திரத்துக்கு வேறு பெயர். இறந்தும் காணாமல் போகவா அவர் பறந்தார்?

அவர் உடலைப் பாகிஸ்தான் கிராமத்து ஜனங்கள் வயலில் அடக்கம் செய்ததாகச் சொல்கிறார்கள். தங்கள் விமானத்தை வீழ்த்திய எதிரிக்கும் குழி வெட்டிய அந்தக் கைகளைக் கும்பிடுகிறேன். நம்மவர்கள் செய்ய வேண்டியது பாக்கி இருக்கிறது. அந்த வயல் எது என்று கேளுங்கள். எலும்பாவது மிஞ்சியிருந்தால் அவருடைய சொந்தக் குடகு மண்ணுக்குக் கொண்டுவாருங்கள்.