கரையை வெட்டாதே, மடையைப் பார்!



நம் கம்ப்யூட்டர் லேபில் அடிக்கடி ஒரு குரல் கேட்கும். "அண்ணே, கிட்ல கமிட் போகல, பெர்மிஷன் டினைடுன்னு வருது!" பதிலும் ரெடியாக வரும். "777 போடுல, எல்லாம் சரியாயிரும்!" இந்தப் பதில் தப்பு என்பது என் தாழ்மையான கருத்து.

நம் தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகள் உண்டு. கடைசி வயலுக்குத் தண்ணி வரலைன்னா எந்த மடை அடைச்சிருக்குன்னு பார்ப்போமா, வாய்க்கால் கரையை வெட்டுவோமா? வெட்டினால் இன்றைக்குத் தண்ணீர் வரும். நாளைக்கு ஊர்ச் சண்டை வரும்!

777 என்றால் என்ன? படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. உரிமையாளர், குழு, மற்றவர் ஆகிய மூன்று தரப்புக்கும் எல்லாவற்றையும் திறந்து விடுவதுதான் 777. ஆனால் நோய் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். யாரோ அவசரத்தில் சுடோ போட்டு கமிட் செய்திருப்பார். கிட் ஃபோல்டருக்குள் சில ஃபோல்டர்கள் ரூட் பெயருக்குப் போயிருக்கும். அடுத்தவர் எழுதப் போனால் கதவடைப்பு! 777 போட்டாலும், மறுபடி ஒருவர் சுடோ போட்டால் பழைய கதைதான்.

முதலில் 'எல்எஸ் -எல்' போட்டு, ஃபைல் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பெயர் மாறியிருந்தால் திருத்துங்கள். பலர் எழுதும் இடமென்றால் எல்லாரையும் ஒரே குரூப்பில் சேர்த்து, ரெப்பாசிட்டரியை 'ஷேர்டு' ஆக அமையுங்கள். கமிட் ஆகி, புஷ் மட்டும் மறுக்கப்பட்டால் அடைப்பு சர்வர் பக்கம். கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 முதல் இதற்குப் பாஸ்வேர்டை ஏற்பதில்லை; டோக்கன் அல்லது எஸ்எஸ்ஹெச் சாவி வேண்டும்.

பூட்டு எதற்கு என்று கேட்கலாம். லினக்ஸில் எங்கும் இருக்கும் 'எக்ஸ்இசட்' மென்பொருளில், நம்பிக்கையைச் சம்பாதித்து எழுதும் உரிமை பெற்ற ஒருவர் கள்ளக்கதவு வைத்தார். லாகின் அரை வினாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் 2024 மார்ச்சில் அதைக் கண்டுபிடித்தார். பூட்டு இருந்தே இந்த நிலை!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே லாகினில் வகுப்பே வேலை செய்யும் பழக்கம் போக வேண்டும். ஆளுக்கொரு லாகின் வேண்டும். எங்க குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா களத்துமேட்டில் எத்தனையோ கோட்டை நெல் அளந்து கொடுத்திருக்கிறார். அதில் ஒரு மணியிலும் அவர் பேர் இல்லை. நான் எழுதும் வரியிலாவது என் பேர் இருக்கணும். நாலு பேர் செய்த புராஜெக்டில் லேப்டாப் வைத்திருப்பவன் பேர் மட்டும் கமிட் லாகில் நின்றால், இன்டர்வியூவில் மற்ற மூன்று பேரும் எதைக் காட்டுவது?

'அனுமதி இல்லை' என்று திரையில் வந்தால் நமக்குத் தகுதி இல்லை என்று அர்த்தமில்லை, தோழர்களே! "நீ யார்?" என்று கேட்கிறது, அவ்வளவுதான். நம் பேரைச் சொல்லி, நம் சாவியைக் காட்டி உள்ளே போவோம்.

— இரண்டாமாண்டு மாணவன், கணிப்பொறியியல் துறை